ஆங்கிலம் அறிவோம்: தண்ணீரின் ஓசையும் அசைவும்



சனிக்கிழமைகளில் பிள்ளைகள் உள்ளே தமிழ் படித்துக்கொண்டிருக்க, ஆலய மண்டபத்தில் காத்திருக்கும் பெற்றோரும் அம்மம்மாக்களும் தாத்தாக்களும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிக் கதைப்பது வழக்கம். அப்படிக் கதைத்ததில் பிறந்ததே இப்பாடம். தண்ணீர் விழுவது, தெறிப்பது, தளும்புவது, வழிவது ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களை இம்முறை பார்ப்போம். இது சின்னப் பிள்ளைகளின் பாடம் அல்லவா என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு தொடர்மாடியில் வாடகைக்கு இருந்தோம். தை மாதக் குளிரில் ஓரிரவு அம்மா தன் அறையிலிருந்து கூப்பிட்டார். “தம்பி, பின்னேரம் சொட்டுச் சொட்டாய் விழுந்தது. விளக்கு வைக்கேக்கை ஒழுகத் தொடங்கிச்சுது. இப்ப குபுகுபுவெண்டு கொட்டுது, ஓடி வா!” மேல்வீட்டுக் குழாய் ஏதோ வெடித்திருக்க வேண்டும். வீட்டைப் பராமரிக்கும் அலுவலகத்தின் இரவு இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “இஸ் இட் ட்ரிப்பிங், ட்ரிக்கிளிங், ஓர் போரிங்?”

முதல் இரண்டு சொல்லும் எனக்குப் புரியவில்லை. மூன்றாவது ‘சலிப்பாக இருக்கிறதா’ என்று கேட்பதுபோல் காதில் விழுந்தது. வீட்டுக்குள் வெள்ளம் வருகையில் சலிப்பைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று விளங்காமல், “வாட்டர் இஸ் கமிங், வாட்டர் இஸ் கமிங்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கொஞ்சமா, நிறையவா என்றும் கேட்டார். அந்நேரத்தில் ஆட்களை அலைக்கழிக்கக் கூடாதே என்ற கூச்சத்தில் “லிட்டில், லிட்டில்” என்றேன். சாதாரண சொட்டு என்று பதிந்து, இரண்டு நாள் கழித்து ஆள் வருவார் என்றார்கள். விடியற்காலையில் சீலிங் பெயர்ந்து அம்மாவின் கட்டிலில் விழுந்தது. அம்மா அப்போதுதான் எழுந்து முகம் கழுவப் போயிருந்தார், கடவுள் காப்பாற்றினார். கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டி நனைந்து ஊறிவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த அப்பாவின் கலியாணப் படம் அதற்குள் இருந்தது. வேறு பிரதி எங்களிடம் இல்லை.

அம்மா என்னிடம் சொன்னது மூன்று வினைச்சொற்கள்: சொட்டியது, ஒழுகியது, கொட்டுகிறது. நான் அவை மூன்றையும் ‘வருகிறது’ என்ற ஒன்றாக்கிவிட்டேன். அந்தப் பெண் கேட்டதும் அதே மூன்றைத்தான் என்பது பிறகுதான் விளங்கியது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால் ஒரு நொடியில் சரியான பதிலைச் சொல்லியிருப்பார்.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

தமிழில் நாம் ஓசையை வினைக்கு முன்னால் வைக்கிறோம். வாய்க்கால் சலசலவென்று ஓடுகிறது, மழை சோவென்று பெய்கிறது, தண்ணீர் குபுகுபுவென்று பாய்கிறது. ஓடுகிறது, பெய்கிறது, பாய்கிறது என்பவை பொதுவான வினைகள். படம் வரைவது முன்னால் நிற்கும் ஒலிச்சொல். சலசல, குபுகுபு போன்றவற்றை இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்பார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திலேயே இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. இரண்டாகப் பிரித்தால் ‘சல’ என்று ஒன்று தனியே நின்று பொருள் தராது. ‘வருக வருக’ என்பதைப் பிரித்தால் ஒரு ‘வருக’வுக்கும் பொருள் உண்டு, ஆகவே அது அடுக்குத்தொடர். பிள்ளைகளின் தமிழ்ப் பரீட்சையில் இந்த வேறுபாடு வரும், நினைவில் இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் இந்த ‘என்று’ போட்டு ஓசையைச் சேர்க்கும் வழக்கம் இல்லை என்றே சொல்லலாம். ஓசை வினைச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கும். எனவே தமிழில் நினைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஒலிச்சொல் கழன்று விழுந்து, வெறும் ‘வருகிறது’ மட்டும் கையில் மிஞ்சும். எனக்கு அன்று நடந்தது அதுதான். ‘எப்படி வருகிறது’ என்பதை முதலில் மனத்தில் கண்டு, அதற்குரிய வினையை எடுக்கப் பழக வேண்டும்.

ஒழுக்கில் தொடங்குவோம். சுவரிலோ சீலிங்கிலோ ஈரம் மெல்லக் கசிந்து பரவினால் ஸீப். துளி துளியாக, இடைவெளி விட்டு விழுந்தால் ட்ரிப். துளிகள் ஒன்றுசேர்ந்து நூல்போல வழிந்தால் ட்ரிக்கிள். விடாமல் கொட்டினால் போர். அழுத்தத்துடன் குபுகுபுவெனப் பாய்ந்தால் கஷ். சிறு துவாரத்தால் பீறிட்டு அடித்தால் ஸ்பேர்ட். எங்கிருந்து என்று தெரியாமல் பொதுவாக ஒழுகினால் லீக். தமிழில் ‘கூரை ஒழுகுகிறது’ என்பதுபோல ஆங்கிலத்திலும் கூரையையே எழுவாயாக்கி ‘தி ரூஃப் இஸ் லீக்கிங்’ எனலாம். ‘குழாயில் தண்ணீர் சொட்டுகிறது’ என்று நாம் சொல்வதை அவர்கள் சுருக்கமாக ‘தி டாப் இஸ் ட்ரிப்பிங்’ என்பார்கள்.

சொட்டினால் நாளைக்கு வருவார்கள், கொட்டினால் இன்றைக்கு வருவார்கள். ஆகவே பெரியவர்கள் வேறெதை மறந்தாலும் ‘வாட்டர் இஸ் போரிங் த்ரூ த சீலிங்’ என்ற ஒரு வசனத்தை மனனம் செய்துகொள்வது நல்லது. பகரத்தை மூச்சு வெளியே வரும்படி சொல்ல வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். காற்றுப் பட்டால் ‘கொட்டுகிறது’, படாவிட்டால் ‘சலிப்பு’. ட்ரிப், ட்ரிக்கிள் இரண்டுக்கும் தமிழில் ஒரே டகரம் போட்டிருக்கிறேன். ஆனால் முதலாவது ஆங்கிலத்தின் டி எழுத்திலும் இரண்டாவது ட்டீ எழுத்திலும் தொடங்குகின்றன. ட்ரிப்பை ட்டீ எழுத்தில் சொன்னால் சுற்றுலா அல்லது தடுக்கி விழுதல் என்று பொருளாகிவிடும். வீட்டில் பிள்ளையிடம் இரண்டையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

தொலைபேசியில் அடுத்ததாக ‘ஸ்டொப்கொக்’கை மூடினீர்களா என்று கேட்பார்கள். வீட்டுக்கு வரும் தண்ணீர் முழுவதையும் நிறுத்தும் திருகு அது. பெரும்பாலும் குசினித் தொட்டிக்குக் கீழே இருக்கும். உங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

மழைக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு. ஊரில் ‘துமிக்கிறது’ என்போமே, அதுதான் ட்ரிஸில். வானிலை ஆய்வாளர்கள் 0.5 மில்லிமீற்றரிலும் சிறிய துளிகளையே அப்படிச் சொல்வார்கள். சோவென்று கொட்டினால் அதற்கும் போர் என்ற சொல்லே போதும்.

ட்ரிக்கிள், ட்ரிபிள், ஸ்ப்ரிங்க்கிள், பபிள், ரிப்பிள் என்று பல சொற்கள் ஒரே வாலுடன் முடிவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வால் பல இடங்களில் ‘சிறிது சிறிதாக, மீண்டும் மீண்டும்’ என்பதைக் காட்டும். நாம் சொல்லை இரட்டித்துச் செய்வதை அவர்கள் ஒரு வாலைக் கட்டிச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தெறித்தல். ஸ்ப்ளாஷ் என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல். ப்ளாஷ் என்ற பழைய சொல்லின் முன்னால் ஒரு ஸகரத்தைச் சேர்த்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்தது. அந்தப் பழைய சொல்லுக்கு மூலமான பழைய ஆங்கிலச் சொல்லின் பொருள் குட்டை, தேங்கிய நீர். தண்ணீர் மோதுண்டு நாற்புறமும் சிதறுவதே ஸ்ப்ளாஷ். குண்டாக எதுவோ விழுந்து அடர்த்தியாகத் தெறித்தால் ஸ்ப்ளொஷ். எண்ணெயோ சேறோ சின்னச் சின்னப் பொட்டுகளாகத் தெறித்து ஒட்டினால் ஸ்பாட்டர் அல்லது ஸ்ப்ளாட்டர். தாளிக்கும்போது அடுப்பைச் சுற்றி விழுவதும் அதுதான். தூவலாகப் பறந்தால் ஸ்ப்ரே. வீதியோரம் தேங்கிய மழைநீரைக் கார் நம்மீது வாரி அடித்தாலும் ஸ்ப்ளாஷ்தான். (பாதசாரிகளைப் பொருட்படுத்தாமல் அப்படி ஓட்டுவது 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் 3ஆம் பிரிவின்கீழ் குற்றமாகலாம். புடைவை கட்டிக்கொண்டு பஸ் தரிப்பில் நிற்பவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல்.) கலியாணத்துக்குக் கைமீறிச் செலவழித்தாலும் ‘ஸ்ப்ளாஷ் அவுட்’ என்பார்கள். அந்த ஸ்ப்ளாஷ் நம்மவர்க்கு நன்றாகவே வரும்.

இங்கேதான் நமது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தடுமாறுகிறார்கள். கோயிலுக்குப் போனதைப் பற்றி எழுதச் சொன்னால், ‘குருக்கள் எங்கள்மேல் தண்ணீரை ஸ்ப்ளாஷ் செய்தார்’ என்று எழுதிவிடுகிறார்கள். வாசிக்கும் ஆசிரியை குருக்கள் வாளியோடு துரத்தினார் என்றல்லவா நினைப்பார்! மாவிலையால் தீர்த்தம் தெளிப்பது ஸ்ப்ரிங்க்கிள். கையில் தீர்த்தம் வார்ப்பது போர். அபிஷேகத்தையும் ‘மூர்த்தியின்மேல் பால் போர் செய்யப்பட்டது’ என்றே எழுதலாம். ஒழுக்கைச் சொல்லப் பயன்பட்ட அதே சொல் இங்கே வணக்கத்துக்குரியதாகிறது. கொடியேற்றத்துக்கும் தீர்த்தத் திருவிழாவுக்கும் வெள்ளைக்கார நண்பர்களை அழைத்து வரும் பிள்ளைகள், தெளித்தல், வார்த்தல், தெறித்தல் மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருந்தால் நமது சமயத்தைப் பற்றிக் கேட்பவர்க்கு ஏற்படும் எண்ணமே வேறாக இருக்கும்.

பாற்குடம் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். குடத்துக்குள் பால் அங்குமிங்கும் ஆடித் தளும்புவது ஸ்லொஷ். விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே விழுந்தால் ஸ்லொப். கை தவறிச் சிந்தினால் ஸ்பில். ஸ்லொஷ் ஆகும்வரை குற்றமில்லை, மற்ற இரண்டும் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘நிறைகுடம் தளும்பாது’ என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குகிறவர்கள் ‘எ ஃபுல் பொட் டஸ் நொட் ஸ்லொஷ்’ என்று சொல்லிக் கொடுக்கலாம். பழமொழியாக அவர்களிடம் இது இல்லை. ‘வெறும் பாத்திரமே அதிகம் சத்தமிடும்’ என்று மறுபக்கத்திலிருந்து சொல்வார்கள்.

இனித் தொண்டைச் சொற்கள். நான் மிகவும் விரும்பும் பகுதி இதுவே. கழுத்துக் குறுகிய போத்தலைக் கவிழ்த்தால் வரும் ஓசை க்ளக். தொட்டியில் தேங்கிய தண்ணீர் துவாரத்துக்குள் இறங்கும்போது வருவது கேர்கிள். உப்புத் தண்ணீரால் தொண்டை கொப்பளிப்பது கார்கிள். ஐரோப்பாவின் பழைய பேராலயங்களின் கூரை விளிம்பில் கல்லாலான கோர மிருகங்கள் வாயைப் பிளந்தபடி எட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றின் பெயர் கார்கொயில். கூரையில் விழும் மழைநீர் சுவரை நனைக்காமல் அந்த வாயால் வெளியே பாயும். அந்தப் பெயரும் கார்கிளும் தொண்டையைக் குறிக்கும் ஒரே பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தவை. நமது கோயிலில் கருவறை அபிஷேகத் தீர்த்தம் வெளியே வரும் வாய்க்குக் கோமுகி என்று பெயர். பசுவின் முகம் என்று பொருள். அவர்கள் தண்ணீர் கூரையிலிருந்து வந்தது, நம்முடையது சுவாமியின் மேனியிலிருந்து வருகிறது. இரண்டு மக்களும் நீர் வெளியேறும் வழியை ஒரு விலங்கின் வாயாகக் கண்டிருக்கிறார்கள். அடுத்த முறை வீதி வலம் வரும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

வைத்தியரிடம் போகும்போதும் கேர்கிள் உதவும். வயிற்றுக்குள் களகளவென்று தண்ணீர் ஓடுவதுபோல இருந்தால் ‘மை ஸ்டமக் இஸ் கேர்கிளிங்’ எனலாம். ‘பெய்ன்’ என்று மட்டும் சொன்னால் அவர் வேறிடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

சிறிய ஓசைக்கு இகரமும் பெரிய ஓசைக்கு அகர ஒகரமும் ஏன் வருகின்றன என்று ஒரு பிள்ளை வகுப்பில் கேட்டாள். வாளிக்குள் விழும் சிறு துளி ப்ளிங்க், குளத்தில் விழும் கல் ப்ளொப். நாமும் சிறு துளிக்கு ‘டிக் டிக்’ என்றும், கிணற்றில் வாளி விழுந்தால் ‘தொபுக்’ என்றும் சொல்கிறோம். இதற்கு நல்ல விளக்கம் உண்டு. தண்ணீர் ஓசையில் பெரும்பகுதி அதில் அகப்படும் காற்றுக் குமிழியின் அதிர்விலிருந்து வருகிறது. பெல்ஜியத்தில் பிறந்து நெதர்லாந்தில் பணியாற்றிய வானியலாளர் மார்செல் மின்னார்ட் 1933இல் இதற்குக் கணக்குச் சொன்னார். 1 மில்லிமீற்றர் ஆரமுள்ள குமிழி செக்கனுக்குச் சுமார் 3,000 தடவைகளுக்குச் சற்று மேல் அதிர்கிறது. 1 சென்றிமீற்றர் ஆரமுள்ளது சுமார் 300 தடவைகளே. சிறு குமிழி கீச்சென்று பாடும், பெருங்குமிழி கனத்துப் பேசும். இகரம் கூர்மையாக ஒலிப்பதும் ஒகரம் தணிந்து ஒலிப்பதும் நாம் அறிந்தவையே. இரு மொழியாரும் காதால் கேட்டதை வாயால் வரைந்திருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் 1908இல் ஏ. எம். வேர்திங்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர், துளி விழுந்து கிரீடம்போல எழும்பும் கணத்தை மின்பொறி வெளிச்சத்தில் படம் பிடித்து, தெறிப்புகளைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். சொட்டுக் குழாயின் ‘ப்ளிங்க்’ ஓசை எப்படி உண்டாகிறது என்பதை 2018இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அனுராக் அகர்வாலும் அவருடன் பணியாற்றியோரும் அதிவேகக் கமராவால் காட்டினார்கள். துளிக்குக் கீழே அகப்பட்ட சிறு குமிழி அதிர்ந்து, மேலுள்ள நீர்ப்பரப்பையே அதிரவைக்கிறதாம். ஒரு நண்பர் வீட்டுக் கூரை ஒழுகிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு அந்த எண்ணம் வந்ததாம். அதே ஒழுக்குச் சத்தம் எனக்குத் தந்தது வேறு. வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தில் சிறிது விட்டால் அந்த ஓசை நின்றுவிடும் என்பதும் அவர்கள் கண்டதே. வீட்டில் செய்து பார்க்கலாம், செலவில்லை.

கடற்கரைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. சிற்றலை படகின் பக்கத்தை மெல்லத் தட்டுவது லாப். அலை உடைந்து மணலின்மேல் ஏறும் நீர் ஸ்வொஷ், அது திரும்பி இறங்குவது பாக்வொஷ். மேல்வகுப்புப் பிள்ளைகளின் புவியியல் பாடத்தில் இவ்விரண்டும் கட்டாயம் வரும். கீரிமலைக்குப் போனவர்கள் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல் லாப், லாப் என்று தட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் நன்னீர்க் கேணியில் பொடியன்கள் ஒருவர்பின் ஒருவராகக் குதிப்பார்கள், அது ஸ்ப்ளாஷ். படியில் ஈரக் காலோடு ஏறும்போது செருப்பு ‘சொதக் சொதக்’ என்னும், அது ஸ்க்வெல்ச். இதைப் பேரப்பிள்ளைக்குச் சொல்ல உங்களுக்கு இந்த மூன்று சொல் போதும். மிச்சத்தை அவர்கள் கேட்டு வாங்குவார்கள்.

ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கெஸ்விக் பட்டினத்துக்கு அருகே லொடோர் என்றொரு அருவி இருக்கிறது. ரொபேர்ட் சதே என்ற அரசவைக் கவிஞர் தம் பிள்ளைகளுக்காக அந்த அருவியைப் பற்றி 1820இல் ஒரு பாட்டு எழுதினார். தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று காட்ட வினைச்சொற்களையே அடுக்கடுக்காகக் கொட்டியிருக்கிறார். நூலகத்தில் எடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அருவியை நேரில் பார்க்கப் போகிறவர்கள் நல்ல மழைக்கு அடுத்த நாள் போவது உசிதம்.

பயிற்சிக்குச் சில வசனங்கள் தருகிறேன். பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ‘கமிங்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. குளியலறைக் குழாய் இரவெல்லாம் சொட்டுகிறது. கூரையிலிருந்து சுவர் வழியே தண்ணீர் நூலாக வழிகிறது. குருக்கள் எல்லோர்மீதும் தீர்த்தம் தெளித்தார். தம்பி மழைக்குட்டையில் குதித்து என் புதுச் சட்டையை நனைத்துவிட்டான். பாற்குடம் தளும்பியது, ஆனால் சிந்தவில்லை. கடைசியாக ஒன்று: அம்மாவின் அறைச் சீலிங்கிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, தயவுசெய்து இப்போதே வாருங்கள்.

விடைகளைச் சனிக்கிழமை வகுப்பு நேரத்தில் மண்டபத்தில் கேட்கலாம். கடைசி வசனத்தை மட்டும் பாராமல் சொல்ல வேண்டும்.